கிராம் அண்ணா

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மேட்டுப்பாளையம் டீக்கடைச் சுவரில் நாலைந்து மலைச் சைக்கிள்கள் சாய்ந்து நின்றால், அதில் மண்ணே படாதது எதுவோ அது கிராம் அண்ணாவுடையது. இந்த வகை மனிதர் மலை தெரிகிற ஊருக்கெல்லாம் ஒருவர் உண்டு. உங்கள் வீட்டுச் சமையலறைத் தராசு அடிக்கடி காணாமல் போகிறதென்றால், வேறெங்கும் தேட வேண்டாம்.

அண்ணாவின் சைக்கிள் 11 கிலோ. அண்ணா 94. இரண்டாவது எண்ணைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

அவருக்குக் கவலையெல்லாம் கால்தான். கோத்தகிரிக்குக் கீழே, கவனிப்பாரில்லாத ஒரு தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஒரே ஒரு தடவை இறங்கினார். இருபுறமும் உண்ணிச்செடி. மஞ்சளும் சிவப்புமாகப் பூ அழகாகத்தான் இருக்கும். அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, தோட்ட அழகுக்கென்று வெள்ளைக்காரன் கொண்டுவந்தது, இன்று காட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறது. தண்டு நாலு பட்டையாக இருக்கும். அதில் பின்னோக்கி வளைந்த முள். உள்ளே போகும்போது வழிவிடும், வெளியே இழுக்கும்போதுதான் பிடிக்கும். சில சீட்டுக் கம்பெனிகள் மாதிரி. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கலைஞர்கள் இந்தத் தண்டை உரித்து நிஜ யானை அளவுக்கு யானை செய்கிறார்கள். அண்ணாவை அது உரித்துவிட்டது. கீழே வந்து சேர்ந்தபோது, பூனையோடு பாகப்பிரிவினை பேசப் போனவர் கால்கள் போல இருந்தன அவர் கால்கள்.

“தம்பி, கனமே இல்லாம காலுக்கு ஏதாச்சும் பார்க்கோணும்” என்றார். அது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

முதலில் வந்தது முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்குமான கெட்டிப் பிளாஸ்டிக் கவசம். தராசில் ஜோடி 820 கிராம். மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், தெருக்கூத்துக்குப் போகிற மாதிரி இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்தது மெல்லிய முழங்கால் உறை, 360 கிராம். உள்ளே டி3ஓ என்கிற ஆரஞ்சு நிறப் பொருள். மெல்ல அழுத்தினால் வளையும், ஓங்கி அடித்தால் அந்த நொடியே இறுகும். சோளமாவைக் கெட்டியாகக் கரைத்துக் குத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணா சுத்தியலால் அடித்துக் காட்டினார். உறைக்கு அடியில் வைத்தது என் விரலை. விரல் பிழைத்தது, எங்கள் நட்புதான் கொஞ்சம் இறுகிப்போனது. முழங்கால் உறை முழங்காலை மட்டுமே மூடும், முள் கீறுவதோ அதற்குக் கீழே என்பது பணம் கட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

உண்மையில் விஷயம் ரொம்பச் சின்னது. விழுந்தால் படுகிற அடிக்கு அந்த முழங்கால் உறை சரி. வழி நெடுகக் கீறுகிற முள்ளுக்கு நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் முழுக்கால்சட்டை போதும். செயினில் மாட்டாதபடி கணுக்காலில் ஒடுங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். லைக்ரா வேண்டாம், முள் நூலை இழுத்துவிடும். காற்று வரட்டுமென்று வலை வைத்த துணியில் நாயுருவி விதை குடியேறும். ஜீன்ஸ் நனைந்தால் காலுக்கொரு குழந்தை தொங்குகிற மாதிரி இருக்கும். பெடல் முனைகள் கணைக்காலைப் பதம் பார்ப்பதற்கு, கால்பந்தாட்டக்காரர்கள் காலுறைக்குள் செருகுகிற தகடு. மழைக்காலத்தில் அட்டை கடிக்காத காலுறை. இதையெல்லாம் முதல் வாரமே அண்ணாவிடம் சொன்னேன். ஓசியில் வந்த யோசனை என்பதால் தராசு எதுவும் காட்டவில்லை போலிருக்கிறது.

இதற்குள் செடி சும்மா இருக்குமா? அண்ணா தேட ஆரம்பித்தபோது முழங்கால் உயரம். கணைக்காலுக்கு ஒன்றை அவர் முடிவு செய்வதற்குள் தொடைக்கு வந்துவிட்டது. சரியென்று தொடைக்குப் பார்த்தார், இடுப்புக்கு ஏறிவிட்டது. ஆள் போகாததால் பாதை மூடிக்கொள்கிறது, பாதை மூடிக்கொள்வதால் அண்ணா போவதில்லை.

போன ஐப்பசியில், புதிதாக உயரம் அளந்து வரலாமென்று அளவு நாடாவோடு இரண்டு பேரும் நடந்தே போனோம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பிலிருந்து கீழே உரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் சுற்றிக் கட்டியிருந்தார். அடர்ந்த செடிக்குள் புகுந்து புகுந்து வந்தார், சாக்கு அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்தது. அண்ணாவின் கண் விரிந்தது.

“அக்கா, இது எத்தனை கிராமுங்க?”

அவர் அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார். “காஞ்சிருக்கையிலயா, நனைஞ்சிருக்கையிலயா?”

அண்ணா ஆடிப்போனார். மூன்று வருடத்தில் ஒரு சாமானைக்கூட அவர் நனைத்து எடை போட்டதில்லை. அன்றிரவு அண்ணி உளுந்து ஊறப்போடப் பாத்திரம் தேடியபோது, வீட்டிலிருந்த ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு முழங்கால் ஊறிக்கொண்டிருந்ததாம். 360 கிராம் உறை தண்ணீர் குடித்து 510 காட்டியது. கணக்கெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் என் பழைய நைலான் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். பாதை எங்கே ஆரம்பிக்கிறதென்றே தெரியவில்லை. ஆள் உயரத்துக்குச் செடி. திரும்பி வரும்போது கொல்லுப்பட்டறை வாசலில் மண் படாத சைக்கிள் ஒன்று நின்றது. உள்ளே அண்ணா, செடி வெட்டக் கொடுவாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி எடுத்துப் போட்ட ஐந்துமே கனமாம். கைப்பிடியை மட்டும் கார்பனில் போட்டுத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தராசு மடியில் இருந்தது.