தொண்டையில் ஓர் ஒற்றன்

எங்கள் பாட்டி காலத்தில் பச்சை குத்திக்கொள்ளத் தைரியம் இருந்தால் போதும். திண்ணையில் உட்கார்ந்து குறத்தியிடம் கையை நீட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டால், முன்கையில் தேளும் புள்ளிக்கோலமும் ஆயுசுக்கும் நிற்கும். இப்போது வந்துகொண்டிருக்கிற பச்சைக்குத் தைரியம் போதாது. ஆள் யோக்கியனாகவும் இருக்க வேண்டும்.

2011-இல் அமெரிக்காவில், இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜான் ராஜர்ஸ் குழுவினர் செய்துகாட்டிய சமாச்சாரம் இது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை. பபிள்கம்மோடு வரும் படத்தைச் சின்ன வயதில் எச்சில் தொட்டு ஒட்டிக்கொள்வோமே, அதே வேலைதான். தோலில் வைத்துத் தண்ணீர் தடவினால் பின்தாள் கரைந்துபோகும், மெல்லிய சர்க்யூட் மட்டும் தங்கும். தோல் இழுபட்டாலும் அறுந்துவிடாதபடி கம்பிகளை நெளிநெளியாகப் போட்டிருக்கிறார்கள். இதயத் துடிப்பு, மூளை அலை, தசை அசைவு எல்லாவற்றையும் அது உளவு பார்க்கும். 2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் கிராஃபீனில் செய்தது ஒரு மைக்ரான் கனம்கூட இல்லை.

2014-இல் மோட்டோரோலா, போன் பூட்டைத் திறப்பதற்கென்றே கையில் ஒட்டும் பச்சையை விற்றது. பத்து டாலருக்குப் பத்து. ஒன்று ஐந்து நாள் தாங்கும். நாலு எண்ணை அழுத்த அவ்வளவு சோம்பல்!

என் தூக்கத்தைக் கெடுத்தது, அதே கம்பெனி போட்ட காப்புரிமை விண்ணப்பம். கம்பெனி கூகுள் கையில் இருந்தபோது, 2013-இல் வெளியானது. பச்சையைத் தொண்டையில் ஒட்டுவார்களாம். உள்ளே மைக், பேசுவது போனுக்குப் போகும். போகட்டும். கூடவே தோலில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று அளந்து, பேசுகிறவர் பொய் சொல்கிறாரா என்றும் பார்க்கலாமாம். பொய் சொன்னால் பதறும், பதறினால் வியர்க்கும், வியர்த்தால் மின்சாரம் ஓடும். இதை யோசித்தவர் குடும்பஸ்தராக இருக்க வாய்ப்பில்லை.

"உப்புமா எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்." பீப்.

"அண்ணன் வந்து ஒரு வாரம் தங்கினா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இதெல்லாம் கேக்கணுமா?" பீப், பீப்.

"சார், கிண்டி தாண்டிட்டேன் சார்." இடுப்பில் துண்டோடு நின்று இதைச் சொன்னால் பச்சை கருகியே போகும்.

வியர்வைக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது என்பதுதான் இதில் வேடிக்கை. சென்னை மே மாதத்தில் சொந்தப் பெயரைச் சொன்னாலே மாட்டிக்கொள்வோம். கூசாமல் பச்சைப் பொய் சொல்கிறவருக்கோ ஒரு சொட்டு வியர்க்காது. ஆகக்கூடி அகப்படுவது, பயந்து பயந்து உப்புமாவைப் புகழ்கிறவன்தான். மேடையேறி லட்சம் பேருக்கு முன்னால் அளக்கிறவர் தொண்டையில் அது வாயே திறக்காது.

எனவே, முதலில் அங்கே ஒட்டிப் பாருங்கள். ஒரே ஒரு பீப் கேட்டாலும் போதும், அடுத்த ஆளாக நான் கழுத்தை நீட்டுகிறேன்.