ஐந்தாவது அலகு

7400 சில்லில் நான்கு நாண்ட் கேட்டுகள், 14 கால்கள். கேட்டுகள் 12 கால்களைப் பங்குபோட்டுக்கொள்ள, மின்சாரம் வாங்கும் 7-ம் 14-ம் கூட்டுக் குடும்பத்து கரன்ட் பில் போல யார் கணக்கிலும் சேராமல் நிற்கும். பழைய சுற்றுப்பட மென்பொருள்கள் அவற்றை மறைத்துவைத்து, 14-ஐ விசிசி என்ற பெயருள்ள இணைப்போடும் 7-ஐ கிரவுண்டோடும் கமுக்கமாகச் சேர்த்துவிட்டன. படம் என்னவோ அழகுதான். ஒரே பலகையில் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் குடியேறியபோதுதான் ‘எந்த விசிசி?’ என்ற கேள்வி பிறந்தது. கீகேட் என்ற சுற்றுப்பட மென்பொருளின் நூலகம் இப்போது இந்தக் கால்களை ஐந்தாவது அலகாகத் தனியே தருகிறது. அதைத் தாளில் வைக்க மறந்தால் சில்லு பட்டினி. வைத்தாலும், மின்சாரம் கனெக்டர் வழியாக வந்தால், ஊட்டுவார் இல்லை என்று மென்பொருளின் மின் விதிச் சோதனை முறையிடும். பவர் ஃப்ளாக் என்றொரு கொடியை நட்டால் அடங்கிவிடும். கொடி ஒரு மில்லிவோல்ட்கூடத் தருவதில்லை.