நிற்க இடமில்லை

தானம் பெரிது. அடுத்தவன் சொத்தைத் தானம் கொடுப்பது அதைவிடப் பெரிது. கொடுக்கிற கை வலிக்காது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கும் இந்தக் கலையில் அமெரிக்க அரசாங்கம் 1976-இல் அரங்கேற்றமே நடத்தியது.

பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு வடமேற்கே, 1942-இல் ராணுவம் 181 ஏக்கர் வாங்கி மருத்துவமனை கட்டியது. பெயர் வேலி ஃபோர்ஜ். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சி கொடுத்த இடம். 1973 மார்ச்சில் கடைசிப் போர்ப்படை வியட்நாமிலிருந்து திரும்பியது. ஏப்ரலில், மருத்துவமனையை மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். காயம்பட்டவன் ஊர் வந்து சேர்ந்தான். அவன் படுக்க வேண்டிய கட்டில் உபரியாகிவிட்டது!

உபரி என்று முத்திரை குத்திவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். 1976 ஆகஸ்டில் சுகாதார, கல்வி, நலத்துறை அதில் 77 ஏக்கரை ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்கு எழுதிக்கொடுத்தது. அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபையின் மேற்பார்வையில், போதகர்களையும் ஊழியக்காரர்களையும் பயிற்றுவிக்கும் கல்லூரி. அங்கே பாடம் நடத்தப் படிப்பு மட்டும் போதாது, பரிசுத்த ஆவியின் அபிஷேகமும் பெற்றிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. நிலத்தின் மதிப்பு 5,77,500 டாலர். கல்லூரி கொடுத்த விலை? சல்லிக்காசு இல்லை. அந்தக் கல்வியால் நாட்டுக்கு விளையப்போகும் நன்மையை அதிகாரிகளே எடைபோட்டு, 100 சதவீதம் 'பொதுநலத் தள்ளுபடி' கொடுத்தார்கள். ஆடி மாதத் துணிக்கடைக்காரரும் துணியாத தள்ளுபடி! பதிலுக்கு, 30 ஆண்டுகள் கல்விக்கே பயன்படுத்த வேண்டுமாம்.

சபை ஜெபிக்கட்டும், போதகர்களை உருவாக்கட்டும். யார் வேண்டாம் என்றது? அதற்குத்தானே காணிக்கைப் பை இருக்கிறது? யூதனும் கத்தோலிக்கனும் நாத்திகனும் கட்டிய வரியில் வாங்கிய மண்ணை ஏன் அந்தப் பைக்குள் போட வேண்டும்?

இதைத்தான் மதத்தையும் அரசையும் பிரித்துவைக்கப் பாடுபடும் ஓர் அமைப்பு கேட்டது. வரி கட்டும் உறுப்பினர்கள் 90,000 பேர். அரசு எந்த மதத்தையும் நிலைநாட்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791-இலேயே சொல்லிவிட்டதே என்று வழக்குப் போட்டார்கள். சாமி வரம் கொடுத்துவிட்டது. பூசாரி?

1982 ஜனவரி 12. உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரென்குவிஸ்ட். கொடுத்தது சரியா தவறா என்ற பேச்சுக்கே அவர் போகவில்லை. வழக்குத் தொடுக்க உங்களுக்கு இடமில்லை, அவ்வளவுதான். நாடாளுமன்றம் மதப்பள்ளிக்குப் பணம் ஒதுக்கினால் வரி கட்டுபவர் கேள்வி கேட்கலாம் என்று 1968-இல் அதே நீதிமன்றம் சொன்னது. இது பணமில்லையே, நிலம்! கொடுத்தது நாடாளுமன்றம் இல்லையே, ஒரு துறை! ஆகவே காசாகக் கொடுத்தால் கேட்கலாம். காணியாகக் கொடுத்தால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். இந்த வேறுபாட்டில் அர்த்தமில்லை என்று நீதிபதிகள் பிரென்னனும் ஸ்டீவன்ஸும் மாறுபட்டு எழுதினார்கள். எழுதி என்ன?

சரி, இவர்களுக்கு உரிமையில்லை என்றால் வேறு யாருக்குத்தான் உண்டு? ஒருவருக்குமே இல்லாமல் போனாலும், அதற்காக இவர்களுக்கு உரிமை தந்துவிட முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. திருட்டா என்று விசாரிக்க மாட்டோம். பொருளுக்குச் சொந்தக்காரன் புகார் கொடுக்கவும் கூடாது. வெட்கமில்லாத இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் ஒரு நாகரிகமான பெயரும் இருக்கிறது: வழக்காடு தகுதி.

கல்லூரிக்கு 77 ஏக்கர் இடம் கிடைத்தது. அதற்குக் காசு கொடுத்தவனுக்கு நீதிமன்றத்தில் நிற்க ஓரடி இடம் கிடைக்கவில்லை. அந்த நிலத்தைக் கொடுத்தது அரசியல் சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதிலே இல்லை.