உறுமுகிறது, ஊற்றவில்லை!

கேள்வி: வீட்டு எஸ்பிரெஸோ மெஷினை ஆன் செய்தால் ‘கர்ர்ர்’ என்று உறுமுகிறதே தவிர, சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: உறுமுகிறது என்றால் பம்புக்கு உயிர் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

முதலில் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி, மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். பல மெஷின்களில் தொட்டியின் அடியில் ஒரு குட்டி வால்வு உண்டு. தொட்டி சரியாக உட்காராவிட்டால் அது வாயே திறக்காது.

அடுத்து, காபித்தூள் போடும் கைப்பிடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். தண்ணீர் கொட்டுகிறதா? மெஷின் நிரபராதி! தூளை மைதா மாதிரி அரைத்து, முஷ்டி பலத்தோடு அமுக்கிய ஆசாமிதான் குற்றவாளி. 9 பார் அழுத்தமும் அந்தச் சுவரிடம் தோற்றுவிடும். சற்றுக் கரகரப்பாக அரையுங்கள்.

அப்போதும் வரவில்லையா? பம்பில் காற்று அடைத்திருக்கும். தொட்டி காலியாகி ஓடினால் இப்படித்தான். தொட்டியை நிரப்பி, நீராவிக் குழாயைத் திறந்து, அடியில் டம்ளர் வைத்து, சில விநாடிகள் விட்டுவிட்டு ஓட்டுங்கள். துப்பும், தும்மும், பிறகு சீராக வரும். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்; சுடும். தண்ணீரில்லாமல் நெடுநேரம் ஓட்டினால் பம்பே கருகிவிடும்.

கடைசி சந்தேகம், உள்ளே படிந்து அடைத்துக்கொண்ட போர் தண்ணீர் உப்பு. கையேடு சொல்லும் உப்பு நீக்கும் மருந்தை, அது சொல்லும் அளவில் ஓட்டிக் கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெக்கானிக்தான். அவர் வந்தால், நல்ல காபி கொடுங்கள்... ஃபில்டரில்!