பந்துமூச்சியல்: ஜூரோங்கிலிருந்து ஓர் ஆய்வு

பந்து ஏன் சாகிறது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி பந்தடிக்கிறாள். அவள் வளை குலுங்கியதையும் இடை துவண்டதையும் பற்றிப் பேசாத பட்டிமன்றம் இல்லை. ஆட்டம் முடிந்து அந்தப் பந்தை எங்கே வைத்தாள், மறுநாள் அது அதே உயரத்துக்கு எழும்பியதா என்று ஒருவரும் கேட்டதில்லை. அக்குறை தீர, சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் கூடத்தில் இவ்வாய்வு நடந்தது. செலவு என்னுடையது. எவ்வளவு வெள்ளி என்பது மட்டும் மனைவிக்குத் தெரியாது.

களத்தைத் தேர்ந்ததிலும் காரணம் உண்டு. பந்தின் உயிர் காற்று என்றால் உடல் ரப்பர். 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடச் சொல்லி நச்சரித்ததால் ‘கிறுக்கு ரிட்லி’ என்று பெயர் வாங்கினார். மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. அதன்பின் நம்மவர்கள் கப்பலேறி வந்து, விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய கதை தெரிந்ததுதான். ஜூரோங்கிலும் கித்தாக்காடு இருந்தது. அது போக மிச்சம் சதுப்பும் இறால் குட்டையும். 1961இல் அந்தச் சேற்றைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போடக் கிளம்பினார் நிதியமைச்சர் கோ கெங் சுவீ. ‘கோவின் மடத்தனம்’ என்று ஊர் சிரித்தது. ஆக, ரப்பரும் கிறுக்கும் இந்த வட்டாரத்துக்குப் பரம்பரைச் சொத்து. மூன்றாவதாக ஒருவன் ஸ்டூலில் ஏறி நின்று பந்து போடுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இனி உடற்கூறு. டென்னிஸ் பந்துக்குள் இருக்கும் காற்று, வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 12 முதல் 14 பிஎஸ்ஐ அதிக அழுத்தத்தில் இருக்கிறது. கார் டயரில் அடிப்பதில் பாதிகூட இல்லை. ஆனால் டயருக்குக் காற்று அடிக்க வால்வு உண்டு, பந்துக்கு இல்லை. பிறக்கும்போது அடைத்த மூச்சுதான், பிறகு ஒரு வாய் கூடச் சேர்க்க முடியாது. ரப்பரோ பார்வைக்குச் சுவர், உண்மையில் சல்லடை. பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன் மூன்றாம் நாள் பாட்டி கன்னம்போல் ஒட்டிப்போகிறதே, அதே கதைதான். பந்தின் சுவர் தடிமன் என்பதால் வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடக்கும்.

அடிபட்டே பந்து சாகும் என்பர் ஒரு சாரார். அற்றன்று. அங்ஙனமாயின், மட்டையையே பாராது அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பந்து செத்தது எவ்வாறு எனின், அவர்பால் விடையில்லை. அடியால் மேலே உள்ள கம்பளி தேயும், ரப்பரும் தளரும், அது உடல்நோவு. பந்தைக் கொல்வது ஓய்வு. டப்பாவைத் திறக்கையில் ‘புஸ்’ என்று ஒரு பெருமூச்சு கேட்கிறதே, அந்த நொடியில் அதன் ஆயுள் எண்ணப்படத் தொடங்குகிறது. அதுவரை டப்பாவுக்குள்ளும் பந்துக்குள்ளும் ஒரே அழுத்தம். காற்றுக்கு வெளியேறும் எண்ணமே வரவில்லை.

துள்ளலை அளக்கச் சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் ஒரு முறை வைத்திருக்கிறது. 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். 1969இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் என்ரிக் கோர்குவேரா என்பவர் தம் வீட்டுச் சுவர்களையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டு தொடங்கிவைத்த பேடல் என்ற விளையாட்டுக்கு மேல்வரம்பு 145. எங்கள் வீட்டுக் கூரையின் உயரம் 260 செ.மீ. சம்மேளனம் எங்கள் வீட்டை மனத்தில் வைத்துத்தான் விதி எழுதியதோ என்று ஐயுற இடமுண்டு. ஸ்டூலில் ஏறி, கூரையில் முட்டி இடிக்கக் கையை உயர்த்திப் பந்தை விட்டேன். புதுப் பந்து லைட் சுவிட்சைத் தாண்டிக்கொண்டு வந்தது. திறந்து இரண்டு மாதமான பந்து கதவுக் கைப்பிடி வரை வந்து, யோசித்து, இறங்கிவிட்டது.

இடைக்குறிப்பு ஒன்று. அந்தச் சோதனைக்கு 20 பாகை செல்சியஸ் என்பது விதி. ஜூரோங்கில் 30 பாகை என்றால் அது நல்ல நாள். பத்துப் பாகைச் சூட்டுக்குப் பந்தின் உள்ளழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூடும். எனவே இங்கே சாகக் கிடக்கும் பந்துகூடச் சற்றுத் தெம்பாகவே காட்சி தரும். நோயாளி முகத்தில் காய்ச்சல் சிவப்பு போல. ஊட்டியில் வேறு கதை. 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றே நாலில் ஒரு பங்கு குறைவு என்பதால் சாதாரணப் பந்து தறிகெட்டுத் துள்ளும். 1,219 மீட்டருக்கு மேல் ஆடுகிறவர்களுக்கென்று தனிப் பந்தே வகுத்திருக்கிறார்கள்.

செத்த பந்தை எழுப்புவது பற்றி ஜூரோங் வட்டாரத்தில் பல கொள்கைகள் நிலவுகின்றன. டப்பாவின் பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போட்டு அழுத்தினால் போதும் என்பது மிகப் பழையது. சம்பிரதாயம் என்ற அளவில் மதிக்கத்தக்கது. குளிர்பெட்டியில் வைப்போர், குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும் என்பதை அறியாதார். சிந்தனைக்குரியது குக்கர் கொள்கை ஒன்றே. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. 1679இல் டெனி பாப்பின் வடித்த நீராவிக் கலத்தின் வம்சத்தில் வந்த நம் வீட்டுக் குக்கர், வெயிட் போட்டால் ஏறத்தாழ 15 பிஎஸ்ஐயில் விசிலடிக்கிறது. பந்துக்குள் 14, குக்கருக்குள் 15! பொருத்தத்தைக் கண்டு மெய்சிலிர்த்து மாமியாரிடம் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், “குக்கர்ல பந்த வெச்சீங்கன்னா அப்புறம் கோயில்லதான் சாப்பிடணும், மாப்பிள்ளை” என்றார். சோதனை அத்துடன் கைவிடப்பட்டது. பிறகு யோசித்தால் அவர் சொன்னதே அறிவியல். குக்கரின் அழுத்தம் நீராவியுடையது. அடுப்பை அணைத்தால் அதுவும் போய்விடும். 120 பாகையில் வெந்த பந்துக்குத் துள்ளல் எங்கே இருக்கும்?

கடைசியில் பேடல் ஆடும் நண்பர் ஒருவர் ஒரு குழாயைக் காட்டினார். மூன்று பந்து கொள்ளும் கெட்டிக் கலம், திருகு மூடி, மூடியில் ஒரு வால்வு, பக்கத்தில் அழுத்தமானி. ஆடி முடித்த கையோடு பந்துகளைப் போட்டு மூடி, சைக்கிள் பம்பால் 14 பிஎஸ்ஐ வரை அடித்தால் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் சமம். காற்று போக இடமில்லை. பாதி செத்த பந்தை மீட்க வேண்டுமென்றால் அதைவிடக் கூட அடிக்க வேண்டும். அப்போது சல்லடை வழியே காற்று எதிர்த்திசையில், பந்துக்குள் போகும். போன வேகத்தில் வராது, நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். கப்பல் பட்டறையில் கம்ப்ரசரோடு முப்பது வருடம் குப்பைகொட்டிய மாமா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “இதுக்குப் போய்க் காசு கொடுப்பாங்களா? பிவிசி பைப்ல செஞ்சிடலாம்” என்றார். அவரே அரை நிமிடம் கழித்து, “வேணாம்பா, தண்ணி பைப்புல காத்தடச்சா வெடிச்சு முகத்துல சில்லு ஏறும்” என்று தீர்ப்பை மாற்றினார். அனுபவம் பேசியது என்க.

கலத்தில் மூன்று வாரம் கிடந்த பந்து லைட் சுவிட்சைத் தொட்டது. தேய்ந்த கம்பளி வளரவில்லை. கிழவர் இளைஞனின் மூச்சை விடுவது போலிருந்தது. இருந்தாலும் துள்ளல் துள்ளல்தான்.

ஆய்வின் பக்கவிளைவுகளையும் பதிவுசெய்தாக வேண்டும். மேல்வீட்டில் நள்ளிரவில் கோலி உருளும் சத்தம் என்பது வீவக வீடுகளின் பழைய பேய்க்கதை. என் சோதனைகள் தொடங்கிய வாரம் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி படியேறி வந்தார். ஸ்டூலின் மேல் பந்தோடு நின்ற என்னைப் பார்த்து “அலாமாக்!” என்றார். பேய் இல்லை என்பதில் அவருக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று கண்டறிய முடியவில்லை. வந்த காரியத்தையும் சொன்னார். பந்துச் சத்தத்தைவிட எங்கள் வீட்டு நாற்காலி இழுபடும் சத்தம்தான் அவருக்குத் தாங்கவில்லையாம்.

அதற்கு மருந்து எங்களிடம் இருந்தது. செத்த பந்தில் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி நாற்காலிக் காலில் மாட்டினால் சத்தம் வராது. ஆறு நாற்காலி, 24 கால். பல மாதமாகச் சேர்த்துவைத்திருந்த பிணங்களை மாட்டியதில் 23 காலுக்கு வந்துவிட்டது. பிறகு கலம் வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பந்தும் சாகவில்லை.

மாமியார் தினமும் இரவு பத்து மணிக்கு மாத்திரை போட அந்த நாற்காலியை இழுத்து உட்காருகிறார். வெறும் கால் ‘கிரீச்’ என்கிறது. கீழிருந்து துடைப்பக்கட்டையால் மூன்று தட்டு வருகிறது. மனைவி அழுத்தமானியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறாள். முள் பதினாலில் நிற்கிறது.