துப்பாக்கிக் குழலைப் பழக்குவது எப்படி? நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு ஏழு யோசனைகள்

குளச்சல் சண்டையில் 1741இல் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாயை வைத்து, மார்த்தாண்ட வர்மா புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்க வைத்தார். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு துப்பாக்கி குறி தப்பலாமா? வாழைத்தோட்டக் காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் கீழ்க்கண்டவாறு செய்க.

1. முதலில் குழல் காலியா என்று பாருங்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி என்றால், கம்பியை மெல்ல உள்ளே விடுங்கள். அடியில் ‘டிங்’ என்றால் காலி. ‘தொப்’ என்றால் பாட்டா காலத்து மருந்து இன்னும் கிடக்கிறது. அப்படியானால் மீதி யோசனைகளை விட்டுவிட்டு, துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

2. புதுக் குழலைப் பழக்க வேண்டும் என்பார்கள் ரைபிள்காரர்கள். ஒரு தோட்டா சுடு, துடை; இன்னொன்று சுடு, துடை. உள்ளே சுருள் வரி வெட்டிய இடத்துப் பிசிறில் குண்டின் செம்பு ஒட்டும். சுடச்சுடப் பிசிறு மழுங்கும் என்பது கணக்கு. இது தேவையா என்பதில் குழல் செய்பவர்களே ஒத்துப்போவதில்லை. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்குச் சொல்வது மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான். அதில் பெரும்பாலும் வரியும் இராது, செம்பும் இராது. பழக வேண்டியது உங்கள் கால்கள்: தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ், மறுபடி தாலுகா ஆபீஸ்.

3. சுட்ட அன்றைக்கே கழுவுங்கள். கரிமருந்து விட்டுப்போகும் உப்பு ஈரத்தை இழுக்கும். இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள மாவட்டத்தில் துருவுக்கு அழைப்பு வைக்க வேண்டியதில்லை. எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர் கரைக்கும். பழைய 303 ரைபிளுக்கும் பட்டாளத்தில் புனல் வைத்துக் கொதிநீர்தான் ஊற்றினார்கள். அந்தச் சூட்டிலேயே குழல் சீக்கிரம் காயும். பிறகு, துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை துடையுங்கள்.

4. “எலே மக்கா, தேங்காண்ணெ போடுலே” என்பார் பாட்டா. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, மெல்லிய மெஷின் எண்ணெயை லேசாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும். அதன் இடம் அவியல்.

5. கம்பியைச் சாய்த்து உரசாதீர்கள். குண்டு கடைசியாகத் தொடுவது குழல்வாயின் விளிம்பை. அது ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டும் ஒரு பக்கம் போகும். சுட்டுக் கெடாமல் துடைத்தே கெட்ட குழல்கள் உண்டு.

6. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று உங்களைவிட அது அதிகம் ஊர் சுற்றும். எண்ணெய் போட்டுக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். திரும்பி வந்ததும் முதல் யோசனையிலிருந்து ஆரம்பியுங்கள்.

7. இனி குறி பார்க்கலாம். ஆனால் பன்றியை அல்ல. 2025இல் வந்த அரசாணைப்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைத்தான் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் சுட வேண்டும். கீரிப்பாறையில் காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர் 3 கிலோமீட்டரை எங்கே தேடுவார்? ஆகவே பன்றி வந்தால் துப்பாக்கியை எடுக்காமல் போனை எடுங்கள். வனத்துறை வரும்வரை தகரம் தட்டுங்கள். தகரத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் குழல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஐந்து வருஷம் கழித்து லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகும்போது, அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்து, “சுட்ட அடையாளமே இல்லையே, அப்புறம் எதுக்குய்யா லைசென்ஸ்?” என்று கேட்கக்கூடும். அதற்கொரு பதிலை இப்போதே தயார் செய்து வையுங்கள்.