காருக்குப் பல் பார்த்த படலம்

மதுரையில் வாகன விக்கிரயத்தில் நடந்த முதல் மோசடியை நடத்தியவர் சாட்சாத் சோமசுந்தரக் கடவுளே ஆவார் என்பதால், இந்தத் துறையில் எங்கள் ஊருக்குள்ள பூர்விகத்தை வேறு எந்த ஊரும் கோர முடியாது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளையெல்லாம் அமைச்சர் வாதவூரர் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்கே செலவிட்டுவிட, அடியவரைக் காக்கும் பொருட்டுக் காட்டு நரிகளைப் பரிகளாக்கி, தாமே குதிரை வணிகராக வேடம் தாங்கி வந்த பெருமான், அரசன் முன்னிலையில் அவற்றை நடத்தியும் ஓட்டியும் காட்டி, கயிறு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. கயிறு கைமாறிய பின் சரக்கின் குணதோஷங்களுக்கு விற்றவர் பொறுப்பல்ல. அன்று நள்ளிரவில் பரிகள் நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. டெஸ்ட் டிரைவும், டெலிவரியும், டெலிவரிக்கு மறுநாள் "இதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்னும் மறுமொழியும் அந்த ஒரே கதையில் அடங்கியிருக்கின்றன. விற்றவரைப் பிடிக்க வகையறியாத பாண்டியன், வாங்கிக் கொடுத்த அமைச்சரைப் பிடித்து வைகை மணலில் கொளுத்தும் வெயிலில் நிறுத்தினான் என்பது கதையின் பிற்பகுதி.

ஆகவே, என் மைத்துனர் சோழவந்தானிலிருந்து வந்து, "மச்சான், ஒரு கார் எடுக்கலாம்னு இருக்கேன், நீங்க கூட வரணும்" என்று சொன்னபோது, உடன்போகிறவனுக்கு நேரும் அந்தக் கதி என் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. ஆயினும், கூட்டுறவுத் தணிக்கையில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எண்களை வரிசையாக எழுதிக் கீழே ஒரு கூட்டுத்தொகை போட்ட காகிதம் எதைக் கண்டாலும், அதை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசிக்காமல் எங்களுக்கு உறக்கம் பிடிக்காது. மைத்துனருக்கோ வெற்றிலைக் கொடிக்கால். 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலைதான். ஆனால் அவருடைய கீர்த்தி கொடிக்காலால் வந்ததன்று. மாடு பிடிப்பதால் வந்தது. மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் தரகருடைய விரல்களைப் பிடித்து விலை பேசுவதில் அவர் சமர்த்தர். பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவது, கொம்பைச் சீவி எண்ணெய் தடவிக் கிழட்டு மாட்டை இளமையாக்குவது, கெட்ட சுழியின் மயிரைக் கத்தரித்து மறைப்பது ஆகிய கலைகளையெல்லாம் அறிந்தவர். இவற்றில் சிலவற்றைத் தாமும் பிரயோகித்திருக்கிறார் என்று என் மனைவி சொல்லுவாள். உடன்பிறந்தவளுடைய அபிப்பிராயமாகையால் நான் அதைக் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

2025-ஆம் ஆண்டு நவராத்திரி தொடங்கிய செப்டம்பர் 22-ஆம் தேதி முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உடைய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து, அதன்மேல் இருந்த செஸ் வரியும் நீங்கியது. மைத்துனரின் கார் ஆசைக்கு அதுவே முகூர்த்தம். நாங்கள் போன கண்ணாடி மாளிகையில், குளிர்ந்த காற்றும், காகிதக் கோப்பையில் காபியும், கழுத்துப்பட்டை கட்டிய ஓர் இளைஞரும் எங்களை ஏககாலத்தில் எதிர்கொண்டன. பையன் மேலூர்ப் பக்கம். முகத்தில் களை இருந்தது. "ஐயா, ஜி.எஸ்.டி. குறைஞ்சது தெரியும்ல? அதுபோக எங்க ஷோரூம் ஸ்பெஷல் ஆஃபரும் இருக்கு. ஆனா இன்னிக்கு ஒருநாள்தான்" என்றார். சென்ற மாதத்து விலைப் பட்டியலை நான் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கணக்குப் பார்த்தால், அவர்களுடைய பிரத்தியேகத் தள்ளுபடி, அரசாங்கம் குறைத்த வரிக்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சர்க்கார் செய்த தானத்துக்குத் தம்முடைய பெயரைக் கல்வெட்டில் பொறித்துக்கொண்ட அந்த சாமர்த்தியத்தை நான் மனத்துக்குள் வியந்தேன்.

கொட்டேஷன் என்ற காகிதம் வந்தது. வண்டியின் விலை ஒருவரி. அதைச் சுற்றி அதன் பரிவாரங்கள் ஒரு பக்கம். எக்ஸ்-ஷோரூம் விலை என்பது, வண்டி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டுக் கடைக்கு வந்து சேரும் செலவையும் டீலருடைய லாபத்தையும் உள்ளடக்கியதே. அதற்குமேல் வாங்குகிறவன் தந்தே தீரவேண்டியவை லைஃப் டாக்ஸ், பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் என்று விரல்விட்டு எண்ணத்தக்கவை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு லைஃப் டாக்ஸ் 13 சதவீதம். பதிவுக் கட்டணம் 600 ரூபாய். எங்கள் காகிதத்திலோ "டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் மற்றும் இதர" என்று மூன்றையும் ஒரே தொகையாகக் கட்டியிருந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களில் கையாடல் எங்கே குடியிருக்கும் என்று யாராவது கேட்டால், இதரச் செலவினம் என்ற வீட்டின் கதவைத்தான் நான் முதலில் தட்டச் சொல்லுவேன். அவிழ்த்துக் காட்டும்படி கேட்டேன். அவிழ்த்தபோது ஏழாயிரத்துச் சொச்சம் எந்த இனத்திலும் சேராமல் அனாதையாக நின்றது.

அதற்கு அடுத்த வரி ஹேண்ட்லிங் சார்ஜ்.

"இது எதுக்கு தம்பி?"

"வண்டி யார்டுல இருந்து ஷோரூமுக்கு வர்ற செலவு சார். கழுவி, தொடச்சு..."

மைத்துனர் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது நிதானமாகக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, நான் வெத்தலையைக் கிள்ளி, கவுளி கட்டி, தண்ணி தெளிச்சு மதுரைக்குக் கொண்டாந்து கொடுக்கிறேன். வாங்குறவன்கிட்டப் போயி, தண்ணி தெளிச்ச கூலி தனியாக் கொடுன்னு கேட்டா, என்ன செய்வான் தெரியுமா?"

பையனுக்குத் தெரிந்திருந்தது, அந்த வரியை அடித்துவிட்டார். அடிக்கப்படுவதற்கென்றே எழுதப்படும் வரி அது என்பது என் கருத்து. கேட்பவன் அடித்துக்கொண்டு சந்தோஷப்படுவான், கேளாதவன் கொடுத்துவிட்டுப் போவான். ஆனால் மிதியடி, மட்-ஃப்ளாப், சீட் கவர், டெஃப்லான் பூச்சு ஆகியவை அடங்கிய "எசென்ஷியல் கிட்" அவ்வளவு எளிதில் அசையவில்லை. "அது இல்லாம பில்லு போட சிஸ்டம் விடாது சார்" என்றார். பெரியதொரு கம்ப்யூட்டர், மட்-ஃப்ளாப் இல்லாத காரைக் கண்டு மனம் நொந்து பில் போட மறுக்கும் காட்சியை நான் கற்பனை செய்து பார்த்தேன். முன்காலத்தில் மனிதர்கள் தங்களுடைய பேராசையை விதியின்மேல் போட்டார்கள். இப்போது சிஸ்டத்தின்மேல் போடுகிறார்கள். விதிக்காவது பரிகாரம் சொல்ல ஒரு ஜோசியர் இருந்தார்.

இன்சூரன்ஸ் விஷயம் சற்று விஸ்தாரமாகச் சொல்லத்தக்கது. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும் என்பது, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள விதி. அந்தப் பகுதியின் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. 2022-இல் வகுத்த விகிதப்படி 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்று ஆண்டுக்கு 10,640 ரூபாய். அதில் யாரும் யாரையும் ஏமாற்ற இடமில்லை. நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி இருக்கிறதே, அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறுபடும். டீலருக்குக் கிடைக்கும் பங்கும் அதில்தான். "வெளியில இன்சூரன்ஸ் எடுத்தா கிளெய்ம் ஆகாது, வாரண்டியும் போயிடும் சார்" என்று பையன் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னார். எந்தக் கம்பெனியிடம் காப்பீடு எடுப்பது என்பது வாங்குகிறவனுடைய இஷ்டம். அதற்கும் வாரண்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் பையிலிருந்த வேறொரு கம்பெனியின் மதிப்பீட்டைக் காட்டினேன். "மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார்.

மேனேஜருடைய அறையும் கண்ணாடி அறை. அதனால் உள்ளே நடந்த பெரும் போராட்டம் முழுவதையும் நாங்கள் பார்க்க முடிந்தது. மேனேஜர் ஆமைவடை தின்றுகொண்டிருந்தார். பையன் நின்றார். மேனேஜர் ஒரு வடையை எடுத்து நீட்டினார். பையன் அதை வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சோகமாக மாற்றிக்கொண்டு வெளியே வந்து, "சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன் சார். நீங்க கேட்ட ரேட்டுக்கே தர்றாங்க. என் இன்சென்டிவ்தான் போச்சு" என்றார். மீசையோரத்தில் வடைத்துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை மைத்துனர் மரியாதைக்காகச் சுட்டிக்காட்டவில்லை.

இவ்வளவையும் நம்மவர்கள் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு சரித்திரக் காரணமும் உண்டு. கார் விநியோகத்தையும் விற்பனையையும் கட்டுப்படுத்தி 1959-இல் மத்திய அரசு ஆணை பிறப்பித்த காலத்தில், அம்பாஸிடருக்கோ ஃபியட்டுக்கோ பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்பது கௌரவமாகவே இருந்தது; காத்திருக்க மனமில்லாதவன் மேற்கொண்டு "பிரீமியம்" கொடுத்தான். விற்கிறவன் வரம் தருகிறவன், வாங்குகிறவன் கைகட்டி நிற்கிறவன் என்ற பாவனை அப்போது உடம்பில் ஏறியது, கடைத்தெருவில் இத்தனை கம்பெனிகள் வந்த பிறகும் இறங்கவில்லை. 1911-இல் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மோட்டார்த் தொழில் தொடங்கிய ஊர் இது; அவருடைய பஸ் வரும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். அந்த ஊரில் ஒரு மட்-ஃப்ளாப்புக்காக மன்றாடுவது எனக்குச் சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

முக்கால் பங்கு பணம் கட்டுமுன், எங்களுக்குத் தரப்போகிற வண்டியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் மைத்துனர். "அதே கலர், அதே மாடல் சார், இங்க நிக்குதே" என்றார் பையன். "சந்தையில ஒரு மாட்டைக் காட்டி இன்னொரு மாட்டை ஓட்டி விடுறவனை எனக்குத் தெரியும் தம்பி" என்று மைத்துனர் எழுந்துவிட்டார். ரிங் ரோட்டுக்கு அப்பால் ஒரு யார்டுக்குப் போனோம். வேப்பமரத்தடியில் எங்கள் வண்டி நின்றது. மைத்துனர் குனிந்து அடிவயிற்றைப் பார்த்தார். டயரை விரலால் தடவினார். கதவிடுக்கில் காய்ந்த வேப்பம்பூவை நகத்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அது ஐப்பசி மாதம். வேம்பு பூப்பது சித்திரையில். "மச்சான், பல்லைப் பாருங்க" என்றார்.

காருக்கும் பல் உண்டு. சேஸிஸ் எண் என்று பொறித்திருக்கும் 17 எழுத்துகளில் வண்டி பிறந்த ஆண்டு ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான கம்பெனிகள் அதைப் பத்தாவது இடத்தில் வைக்கின்றன. 2024-க்கு 'ஆர்', 2025-க்கு 'எஸ்'. இன்ஜின் அறைக்குள் பூதக்கண்ணாடியும் கையுமாகத் தலையை விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தாவது எழுத்து 'ஆர்'. மறுவிற்பனை விலை இந்த ஆண்டை வைத்துத்தான் தீர்மானமாகும், ஆர்.சி.யிலும் இதுதான் ஏறும்.

"கடை சேர்ந்த மாட்டை ரெண்டு பல்லுன்னு விக்கிறியா தம்பி?" என்றார் மைத்துனர், கோபமே இல்லாமல், ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் பேசும் தொனியில்.

"இந்த ஸ்டாக்தான் சார் இருக்கு. புது ஸ்டாக் வர நாலு மாசம் ஆகும்."

"நீ மேலூர்தானே? நாளைக்குக் காலையில அழகர்கோயிலுக்கு வா. பதினெட்டாம்படியான் கதவுக்கு முன்னால நின்னு, வேற வண்டி இல்லைன்னு சூடத்தை அணைச்சுட்டுப் போ. நான் இதையே எடுத்துக்கிறேன்."

கருப்பசாமி சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்வதில்லை என்பது எங்கள் நாட்டுப்புறத்தில் இன்றும் செல்லுபடியாகும் சட்டம்; கோர்ட்டில் தீராத வழக்குகள் அந்தக் கதவின் முன்னே தீர்ந்திருக்கின்றன. பையன் அப்பால் போய் போனில் பேசினார். சிஸ்டம் உடனே மனமிரங்கி, அதே யார்டின் பின்வரிசையில் 'எஸ்' வண்டி ஒன்று நிற்பதாகத் தெரிவித்தது.

இது மதுரைக்கு மட்டும் உரிய வித்தை என்று யாரும் எண்ண வேண்டாம். கோவாவில் ஒருவர் 2011-ஆம் ஆண்டு வண்டிக்குப் பணம் கொடுத்து, 2009-இல் தயாரித்த வண்டியைப் பெற்று வழக்காடினார். டாட்டா மோட்டார்ஸ் செய்த மேல்முறையீட்டில் 2021 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், டீலர் செய்த காரியம் தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று நிரூபித்தாலொழிய தயாரிப்பாளர் அதற்குப் பொறுப்பாக மாட்டார் என்று கூறிவிட்டது. ஆகையால் கம்பெனிப் பெயரின் மகிமையை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. கணக்குத் தீர்க்க வேண்டிய இடம் கடைதான்.

டெலிவரி தினத்தன்று சிவப்புப் பட்டுத்துணி போர்த்தி, அட்டையில் செய்த ஆளுயரச் சாவியைக் கையில் கொடுத்து, கேக் வெட்டச் சொல்லி, போட்டோ பிடித்தார்கள். மைத்துனர் நேரே பாண்டிகோயிலுக்கு ஓட்டிப்போய் நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்.

இந்த ஆண்டு கார் வாங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டேஷனை வரிவரியாக எழுத்தில் வாங்குங்கள். படிவம் 21 என்ற விற்பனைச் சான்றில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும், அதைப் பார்த்த பிறகு பணத்தைக் கட்டுங்கள். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. அதற்குமேல் 10 லட்சம் வரை 200 ரூபாய். அந்த இருநூறுக்கு மேல் ஹேண்ட்லிங் சார்ஜ் எதுவும் அவர்கள் கேட்பதில்லை.